கையை எடுத்தாச்சா

வைகாசி 22, செவ்வாய்

வெயில். காலையிலேயே முதுகு நனைந்துவிட்டது. பெருமாள் கோயில் திருவிழாக் கூட்டம் போய்விட்டது, தெருவில் இன்னும் கரும்புச் சக்கையும் கிழிந்த ஓலை விசிறியும். குழாயில் தண்ணீர் இல்லை. பின்வீட்டுக் கிணற்றில் இரண்டு குடம்.

க.போ. காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. (க.போ. என்றால் கரண்ட் போனது. தினமும் எழுதி எழுதி இப்படிச் சுருங்கிவிட்டது.)

புது மேனேஜர் கூப்பிட்டார். கரண்ட் போனால் ஹேண்டில் பக்கத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டார். பங்குனியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது. சொன்னேன். பட்டு நூலை முறுக்கும் நாலு மெஷினுக்கும் சேர்த்து ஒரே மோட்டார், சுவரில் ஒரே ஹேண்டில். கரண்ட் போனதும் நான் ஹேண்டிலை இறக்கிவிடுவேன். அந்த நேரத்தில்தான் பெண்கள் மெஷினுக்கு அடியில் கையை விட்டு, உருளையில் சுற்றிக்கொண்ட கழிவு நூலைப் பிய்த்து எடுப்பார்கள். ஓடும்போது எடுக்க முடியாது, எடுக்காவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஹேண்டிலுக்கு மேலே இருக்கிற பல்பு எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மேலே தள்ளக் கூடாது. ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி, "கையை எடுத்தாச்சா" என்று கேட்பேன். மற்ற ஏழு பேரும் "ஆச்சு" சொன்ன பிறகுதான் தள்ளுவேன். போன வருஷம் செல்லம்மாக்காவின் நடுவிரல் நுனி போன பிறகு முதலாளியே சொன்ன ஏற்பாடு.

கேட்டுவிட்டுச் சிரித்தார். "மெஷின் ரெடியா இருக்கு. கரண்ட் ரெடியா இருக்கு. மனுஷங்கதான் ரெடியா இல்ல. நீ கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள திரும்பவும் கரண்ட் போயிடும்."

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சித்திரையில் ஒரு நாள் அப்படியே நடந்தது. ஆறு பேர் ஆச்சு சொல்லி, ஏழாவது ஆள் வாயைத் திறப்பதற்குள் பல்பு அணைந்தது. மேரி வேறு, சில நாள் வேண்டுமென்றே மெதுவாகச் சொல்வாள், இடுப்பை நிமிர்த்திக்கொள்ளலாம் என்று. எனக்குத் தெரியும். தெரிந்தும் விடுவேன்.

ஆனாலும் அவர் சிரிப்பு வீடு வரை கூடவே வந்தது.

வைகாசி 23, புதன்

மேனேஜர் (இனிமேல் மே.) பாத்திரக் கடையிலிருந்து ஒரு பித்தளை மணி வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல கனமான மணி, கோயிலுக்குத் தரலாம். ஹேண்டிலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். இனிமேல் பேர் கூப்பிட வேண்டாம். பல்பு எரிந்ததும் மணி அடிக்கும், கையை எடுத்துவிட வேண்டும், மெஷின் ஓடும். ஹேண்டிலும் இனி அவர் பொறுப்பு. நான் என் மெஷினை மட்டும் பார்த்தால் போதும்.

"உனக்கும் வேலை கம்மியாச்சு இல்ல?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

முதல் தடவை அடித்துக் காட்டினார். செல்லம்மாக்கா தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம், மே. கூட. மேரி மட்டும், "நானு சிலுவை போட்டுக்கணுமா சார்?" என்று கேட்டு இன்னும் சிரிக்க வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. நம் ஊரில் மணிக்குப் பஞ்சமா. ஷெட்டுக்கு அடுத்த சுவர் அம்மன் கோயில். காலையில், உச்சியில், சாயங்காலம். ஐஸ்காரன் மணி, குதிரை வண்டி மணி. மணி அடித்தால் காது கேட்கும், கை அசையாது. பிறந்ததிலிருந்து அப்படித்தானே பழகியிருக்கிறோம்.

வாங்க வேண்டியது: புளி, சீயக்காய், வீட்டுக்காரர் தறி விளக்குக்குத் திரி, அத்தைக்கு வெற்றிலை.

வைகாசி 25, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தலைவலி.

நான் பயந்தபடியே. க.போ. உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால். மே. ஹேண்டிலை இறக்கினார், ஒழுங்காகத்தான் இறக்கினார், அதில் குறை சொல்ல முடியாது. எல்லோரும் உட்கார்ந்து கையை உள்ளே விட்டோம். அடுத்த நிமிஷம் மணி. எட்டுப் பேரும் கையை வெடுக்கென்று இழுத்தோம், எனக்கு முழங்கையில் தோல் உரிந்தது. பார்த்தால் பல்பு எரியவில்லை. அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜை. மறுபடி கையை விட்டோம். மறுபடி மணி. மறுபடி இழுத்தோம். மூன்றாவது தடவை பாதிப் பேர் இழுக்கவில்லை. நானும்தான் இழுக்கவில்லை. நிமிர்ந்து பல்பைப் பார்த்தேன், எரிந்துகொண்டிருந்தது. மே. கையில் மணிக் கயிறு.

எல்லோருக்கும் கையை எடுக்க நேரம் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு நூல் முடிச்சுப் போட வரவில்லை, விரல் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

மே.-இடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவைக் கூட வைக்கவில்லை.

"கோயில் மணி வேற, நம்ம மணி வேற. காது இல்லையா உங்களுக்கு?"

"கேக்குது சார். எதுன்னுதான் தெரியல."

"பழகிடும். மணி வந்தப்புறம் மெஷின் நிக்கற நேரம் பாதியாயிருக்கு. முதலாளி சந்தோஷமா இருக்காரு. ஆவணி முகூர்த்தத்துக்கு ஊரே பட்டு கேக்குது. நீ ஒரு ஆள் தேங்கினா பின்னால தறி எல்லாம் தேங்கும், புரியுதா?"

புரிகிறது. என் வீட்டுத் தறியும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. போன வாரம் நூல் வராமல் வீட்டுக்காரர் இரண்டு நாள் வெறுமனே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கோபம் வந்தது, ஷெட்டில் என்னதான் செய்கிறீர்கள் என்று. நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

வைகாசி 26, சனி

புழுக்கம். மேகம் வந்து போயிற்று. க.போ. இல்லை. இல்லாத நாள் இன்னும் மோசம், நாள் முழுக்க எதிர்பார்த்துக்கொண்டே.

சாயங்காலம் மே. எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அமாவாசைக்கு ஷெட் மூடாது. இதுவரை மூடித்தான் இருந்தது. அமாவாசையில் நெசவுக்காரர் வீட்டில் யாரும் தறியில் கை வைக்க மாட்டார்கள், அதனால் ஷெட்டுக்கும் லீவு. இப்போது வேண்டியவர்கள் லீவு எடுத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் வர வேண்டும். மெஷினுக்கு அமாவாசை தெரியாது என்றார்.

எங்களில் ஐந்து பேர் நெசவு வீட்டுக்காரர்கள். மீதி மூன்று பேர்: கூரத்திலிருந்து வரும் செல்லம்மாக்கா, திருப்புட்குழி சரோஜா, தென்னேரி மேரி. மூவர் வீட்டிலும் தறி கிடையாது. மூன்று மெஷின் ஓடும், ஒருத்திக்கு ஒரு மெஷின். வழக்கமாக இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி இருப்போம். ஒருத்தி கை உள்ளே இருந்தால் எதிரே இருப்பவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை எதிரே யாரும் இல்லை.

அதுவும் போகட்டும். அமாவாசை உச்சி வேளையில் அம்மனுக்கு அபிஷேகம். மணி விடாமல் அடிக்கும்.



வைகாசி 27, ஞாயிறு

லீவு. துணி, பாய், தலையணை உறை. அத்தைக்கு எண்ணெய் தேய்த்து விட்டேன். முருங்கைக்காய் சாம்பார், அவர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

சந்தையில் சரோஜா. கல்யாணமாகி மூன்று மாதம் கூட ஆகவில்லை, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஷெட்டில் மே. கழற்றச் சொன்னார், அவள் மாமியார் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறாள். புருஷன் பக்கத்தில் நின்று கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நல்ல பையன், வெட்கப்பட்டான்.

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கோயேன் என்றேன்.

"ஏங்க்கா? எங்க வூட்ல அமாவாசை எல்லாம் பாக்க மாட்டாங்க."

"நானு வர மாட்டேன். பேர் சொல்லிக் கேக்க ஆளு இல்ல."

"இப்பவும்தான் யாரு கேக்கறாங்க? அவருதான் மணி அடிக்கிறாரே. எனக்கு இன்னாக்கா பயம்."

அவளுக்குப் பயம் இல்லை என்பதுதான் எனக்குப் பயம். அவள் கைதான் எல்லாவற்றிலும் வேகம். ஒல்லிக் கை, உருளைக்கும் அதைச் சுழற்றும் பட்டைக்கும் நடுவில் மற்றவர்கள் விட முடியாத இடத்தில் விட்டு, ஒரே இழுப்பில் கழிவை எடுத்துவிடுவாள். கொக்கி கொடுத்திருக்கிறார்கள். கொக்கி நல்ல நூலையும் சேர்த்து இழுக்கிறது என்று யாரும் தொடுவதில்லை, நானும்தான். அவளை மே. எல்லோர் முன்னாலும் பாராட்டியிருக்கிறார். அதிலிருந்து இன்னும் ஆழமாக விடுகிறாள்.

அவள் புருஷனிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். கத்தரிக்காய்க்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன்.

வைகாசி 28, திங்கள்

க.போ. இரண்டு தடவை. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எழுதும்போது சிரிப்பு வருகிறது, எதற்கெல்லாம் நன்றி சொல்கிறேன் பார்.

நாளை போவதா வேண்டாமா.

போகாமல் இருக்க: அத்தை. வீட்டு வழக்கம். தெருவில் பேசுவார்கள். மே. கேட்டால் என்ன சொல்வது. போய்த்தான் என்ன செய்துவிட முடியும், ஹேண்டில் என் கையில் இல்லை.

போக: சரோஜா.

இவ்வளவுதான் இருக்கிறது இந்தப் பக்கம்.

சாப்பிடும்போது அவரிடம் மெதுவாகச் சொன்னேன். தட்டில் மோர் ஊற்றிக்கொண்டார். பிறகு, "நீ போவலேன்னா மெஷின் நின்னுடுமா?" என்றார்.

"நிக்காது. அதான் பயம்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தை உள்ளே இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அமாவாசைக்கு கை வெக்கக் கூடாது, அவ்ளோதானே. போய் நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். போகிறேன். நிற்கிறேன். எதையும் தொடுவதில்லை. அத்தையிடம் அவரே சொல்வதாகச் சொன்னார், சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வைகாசி 29, செவ்வாய், அமாவாசை

எழுத்து எனக்கே படிக்க வருமா தெரியவில்லை. வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் குளித்து, தறிக்குத் துணி மூடி, விளக்கு ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். அத்தை வாசலில் தண்ணீர் வாளியோடு நின்றாள். மே. என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார், சந்தோஷப்பட்டார் என்று கூடச் சொல்லலாம். நாலாவது மெஷினை எடுத்துக்கோ என்றார். இன்றைக்கு மெஷினைத் தொட மாட்டேன், நூல் சுற்றும் பாபின் கூடை தூக்குகிறேன் என்றேன். கூடை மூங்கில்தானே, தறியில் சேர்த்தி இல்லை என்று வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவருக்கு அது விளங்கவில்லை. சரி, ஏதோ செய் என்றார்.

மூன்று மெஷின் ஓடியது. முதலாவதில் செல்லம்மாக்கா, இரண்டாவதில் மேரி, மூன்றாவதில் சரோஜா. ஒவ்வொருத்தியும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே. இந்தப் பக்கம் அறுந்ததைக் கட்டினால் அந்தப் பக்கம் அறுந்திருக்கும். செல்லம்மாக்கா மூச்சு வாங்கினாள். "இன்னாமா இது, ரெண்டு புருஷன் கட்டிக்கின கதையா இருக்குது" என்றாள். மேரி சிரித்தாள்.

க.போ. உச்சிக்கு. நான் நினைத்த அதே வேளை. மே. ஓடிவந்து ஹேண்டிலை இறக்கினார். சத்தம் அடங்கியது. மூவரும் கீழே உட்கார்ந்துவிட்டார்கள், கையை விட்டுவிட்டார்கள். சரோஜா மெஷினின் அந்தப் பக்கம், சுவர் ஓரம். எனக்கு அவள் முட்டியும் புடவைத் தலைப்பும் மட்டும் தெரிந்தது. நான் இந்தப் பக்கம் கூடையோடு நின்றேன், கண் பல்பில்.

அம்மன் கோயிலில் அபிஷேகம் ஆரம்பித்தது. ஒரு மணி இல்லை, இரண்டு மூன்று, தம்பட்டம் வேறு. விடாமல்.

பல்பு எரிந்தது.

மே. தன் மணியை அடித்தார். நன்றாக, ஓங்கி, பல தடவை. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சத்தம் கோயில் சத்தத்துக்குள் போய் விழுந்துவிட்டது. அவர் கை ஹேண்டிலுக்குப் போயிற்று.

நான் கத்தினேன். "செல்லம்மாக்கா, கையை எடுத்தாச்சா?"

"ஆச்சு."

"மேரி?"

"ஆச்சுக்கா."

"சரோஜா?"

ஒன்றும் இல்லை.

"சரோஜா?"

முட்டி அசையவில்லை. மே. திரும்பி என்னைப் பார்த்து, "மணி அடிச்சாச்சும்மா, எத்தனை தடவை" என்றார். எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை அவர் முகத்தில். அவர் இருக்கிற இடத்திலிருந்து மூன்றாவது மெஷினின் அந்தப் பக்கம் தெரியாது. ஹேண்டிலுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு மெஷின். ஓடினாலும் போய்ச் சேர மாட்டேன். ஹேண்டில் பாதி ஏறிவிட்டது.

எனக்குத் தைரியம் இருந்தது என்று யாராவது சொன்னால் அது பொய். கால் மடங்கிவிட்டது, உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் மெஷின். கையை உள்ளே விட்டேன், மணிக்கட்டு வரைக்கும், உருளைக்கும் பட்டைக்கும் நடுவில். எண்ணெயும், நூலை நனைக்கிற சோப்புத் தண்ணீரும் சில்லென்று இருந்தது.

"சார், என் கை உள்ள இருக்குது" என்றேன்.

அவர் கை நின்றது. "எடு."

"வராது சார்."

"வேணும்னு பண்றியா?"

அப்போது முதலாவது மெஷினிலிருந்து செல்லம்மாக்காவின் குரல், "என்னுதும் உள்ளதான் சார் இருக்குது." ஆச்சு என்று சொன்னவள். திரும்பிப் பார்த்தேன், உட்கார்ந்து மறுபடி கையை விட்டுக்கொண்டிருந்தாள், நுனி இல்லாத விரலோடு. மேரி மே.-ஐப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கீழே உட்கார்ந்து அவளும் கையை விட்டாள். அவள் உதடு மட்டும் அசைந்தது, ஜெபம் பண்ணியிருப்பாள்.

மே. வேர்த்துப்போய் நின்றார். ஹேண்டிலை மேலேயும் தள்ளவில்லை, கீழேயும் விடவில்லை. கோயில் மணி நின்றது. அந்த அமைதியில்தான் சரோஜா, "அக்கா" என்றாள். சின்னக் குரல். "கைக்குட்டை அவுந்துகிச்சிக்கா. வளையலு பட்டையில மாட்டிக்கிச்சி. மணி கேட்டுச்சி, கோயிலுதுன்னு இருந்துட்டேன்."

மே. அதைக் கேட்டார். ஹேண்டிலை முழுக்கக் கீழே இழுத்தார். இழுத்துவிட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

வளையலை உடைத்துத்தான் கையை எடுக்க முடிந்தது. மேரி பாபினால் தட்டி உடைத்தாள். மணிக்கட்டில் இரண்டு கீறல், கொஞ்சம் ரத்தம், வேறு ஒன்றும் இல்லை. சரோஜா அழுதாள். கைக்காக அழவில்லை. புதுசாய்க் கட்டிக்கொண்டவள் வளையல் உடைந்தது என்று வீட்டில் என்ன சொல்வது என்று அழுதாள். செல்லம்மாக்கா தன் கையிலிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டாள், அது தொளதொளவென்று இருந்தது.

என் கையை நான்தான் வெளியே எடுத்தேன். எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாட்டிக்கொள்ளவில்லை, எனக்குத்தான் அதை இழுக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டாள், "தொட்டியா?"

தொட்டேன் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவர் என் கையைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், விட்டுவிட்டார்.

வைகாசி 30, புதன்

தூக்கமே இல்லை. கண் மூடினால் உருளை சுற்றுகிறது.

அத்தை என் கையால் காபி வாங்கவில்லை. தானே போட்டுக்கொண்டாள்.

வேலைக்குப் போனேன். போகாமல் இருந்தால் அதுவே ஒப்புக்கொண்டது போல ஆகும் என்று அவர் சொன்னார். எட்டுப் பேரும் வந்திருந்தோம். சரோஜாவும் வந்தாள், மணிக்கட்டில் மஞ்சள் பற்று. மாமியாரிடம் குழாயடியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். எப்போதும் வெற்றிலைப் பெட்டியோடு வந்து பட்டு நூலைத் தொட்டுப் பார்ப்பார், இன்று தொடவில்லை. மே. அறையில் ரொம்ப நேரம். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார்கள்.

"எல்லாருமா சேந்து மெஷின நிறுத்திட்டீங்களாமே?"

"நிறுத்தலைங்க. கரண்ட்தான் போயிருந்துச்சி."

"வந்தப்புறம்?"

என்ன சொல்வது. மே.-ஐப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா கை மாட்டிக்கொண்டதை அவர் சொல்லியிருக்கிறாரா, இல்லையா, தெரியவில்லை. சொல்லாவிட்டால் நான் சொன்னால் அவருக்கு ஆகாது. சொல்லியிருந்தால் சரோஜாவுக்கு வேலை போகலாம், வளையல் போட்டுக்கொண்டு வந்தாள் என்று. தலையைக் குனிந்துகொண்டேன். முதலாளியும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போம்மா, சொல்லி அனுப்பறேன்" என்றார். எதைச் சொல்லி அனுப்புவார்? இருக்கச் சொல்லியா, போகச் சொல்லியா?

மணி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

க.போ. இல்லை. நாள் முழுக்க எல்லோருடைய கண்ணும் பல்பில். யாரும் பாட்டுப் பாடவில்லை. மேரி ஒரு தடவை இருமினாள், நான் எழுந்தே விட்டேன்.

வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வேலை இருந்தால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வைகாசி 31, வியாழன்

விடியலில் சின்னத் தூறல். மண் வாசனை கூட வரவில்லை.

காலையில் மே. மேரியை அறைக்குக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். எல்லோர் பேரையும் வரிசையாகச் சொல்லச் சொன்னாராம். இத்தனை நாளும் எங்களை ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் என்று மெஷினை வைத்துத்தான் கூப்பிடுவார். பேரை எல்லாம் கேட்டு முதலாளியிடம் கொடுக்கப் போகிறார் என்று மேரி சொன்னாள். செல்லம்மாக்கா, "எட்டு பேரயும் அனுப்பிச்சிட்டு இவரே நூலு கட்டுவாரா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

க.போ. மூன்று மணி இருக்கும். மே. வந்து ஹேண்டிலை இறக்கினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன், ஆனால் கையை உள்ளே விட முடியவில்லை. உருளையில் கழிவு சுற்றியிருப்பது தெரிகிறது, எடுக்க வேண்டும், கை தோள் வரைக்கும் கல்லாகிவிட்டது. மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே இருக்கிற பெண் பார்த்துவிட்டு, என் பக்கத்துக் கழிவையும் அவளே கையை நீட்டி எடுத்தாள்.

பல்பு எரிந்தது. மணி அடிப்பார் என்று காத்திருந்தோம். அடிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"செல்லம்மா?" என்றார்.

செல்லம்மாக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு, "ஆச்சு சார்."

"மேரி?"

"ஆச்சு."

ஒவ்வொரு பேராக, சில பேரைத் தப்பாக. சரோஜா பேரைச் சொல்லும்போது மட்டும் இரண்டு தடவை கேட்டார், அவள் முதல் தடவையே சொல்லிவிட்டாள். கடைசியில், "கோமளா?"

என் கை மடியில்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன், இருந்தது, ஐந்து விரலும் இருந்தது. ஆச்சு என்று சொல்ல வேண்டியதுதான். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. மறுபடி பார்த்தேன். நாலு மெஷினும் எனக்காக நின்றுகொண்டிருந்தன, ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோமளா, கையை எடுத்தாச்சா?"

அழுகைதான் வந்தது. மேனேஜர் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்படியே நின்றார்.